காலு கழுவி உள்ள வா

ஹலோ... ஹலோ, கலா? அப்பாதான். கேக்குதா?... ஆமா, ஆமா, நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு கேக்குறேன், சட்டுன்னு சொல்லு. அம்மா ஒனக்குப் போன் பண்ணிச்சா?

... காலையிலேருந்து ஒரு தடவ கூடவா?

... இல்ல இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். நீ எங்க இருக்க?... ரேடியோ ஸ்டேஷனுக்கே வந்துட்டியா. எப்பப் பாடணும்?... செய்தி முடிஞ்ச கையோடயா. லைவ்னியே, நேரா உயிரோடவா போகுது?... சரி சரி. அப்ப வச்சிரு, நான் பொறகு...

... நான் எங்க கத்துறேன்? மூச்சு வாங்குது, அவ்வளவுதான். ரப்பர் ஸ்டோர்லேருந்து ஓடி வந்தேன்.

... பொய் சொல்லலம்மா.

... சரி. சொல்றேன். பதறாமக் கேளு. அம்மாவக் காணோம்.

... பாரு, பதறாதன்னுதானே சொன்னேன். மொதல்ல கேளு. காலையில டவுனுக்குப் போச்சு, ருவான்வெல்லைக்கு. வேலைக்குப் பேரு குடுக்கல. நீ தீவாளிக்கு வாங்கிக் குடுத்தியே நீலச் சேல, அதக் கட்டிக்கிட்டுப் போச்சு. எதுக்குன்னா கேக்குற? ஒம் பாட்டக் கேக்கத்தான்!

... ஆமாம்மா. அதுதான் இன்னும் கேக்கலயே. நம்ம கையில இருக்குறது பட்டன் போனு. வீட்டு ரேடியோ மழைத் தண்ணி போயி செத்துக் கெடக்கு. நானாவது பஸ்ல, தேத்தண்ணிக் கடையில கேட்டேன். அம்மா மரத்துக்கு மரம் ஓடுது, ரப்பர் பால் வெட்டுது, எங்க கேக்கும்? ஊரே 'ஒம் மக பாட்டு, ஒம் மக பாட்டு'ங்குது, பெத்தவ நான் மட்டும் இன்னும் கேக்கலன்னு ஒரே பொலம்பல். இன்னிக்கு வெடியக்காலம் எந்திரிச்சு தலைக்குக் குளிச்சிட்டுப் போச்சு.

... நீ போட வேணாம்னு சொன்னது தெரியும். நீயே வந்து போட்டுக் காட்டுறேன்னு சொன்னியாம். அது பொறுக்கல அம்மாவுக்கு. என்னா செய்ய?

... கபூர் நானா கடைக்கு. ஸ்பீக்கர், போனு எல்லாம் விக்கிறாரே, அவரு கடைக்கு. 'எம் மக பாட்டப் போடுங்க நானா'ன்னு கேட்டிருக்கு. அவருக்கு ஒரே சந்தோஷம். வாசல்ல நாற்காலி போட்டு ஒக்கார வச்சு, பிளேன்டீ வாங்கிக் குடுத்து, ஆக பெரிய ஸ்பீக்கர வெளிய எடுத்து வச்சுப் போட்டுருக்காரு. த்ரீவீல்காரனுங்க, ஸ்கூல் புள்ளைங்க, பஸ்ஸுக்கு நின்ன சனம் எல்லாம் கூடிருச்சாம். பாட்டுக்காரியோட அம்மா இதுதான்னு கை தட்டுனாங்களாம். அந்தக் கிட்டாரு வந்தப்ப அம்மா சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சாம், கபூர் நானா சொன்னாரு. பொறகு நீ பாட ஆரம்பிச்ச. புள்ளைங்க எல்லாம் ஆட ஆரம்பிச்சாங்க.

... அவ்வளவுதான். எந்திரிச்சிருச்சு. டீயக் குடிக்கல. பையும் கொடையும் நாற்காலியிலயே கெடக்கு. யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம போயிருச்சு. வெக்கப்பட்டுப் போறாங்கன்னு கபூர் நானா நெனச்சிருக்காரு. ரொம்ப நேரம் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணினாரு.

... வீட்டுக்கும் வரல. பாத்துட்டுத்தான் சொல்றேன். பூட்டுப் போட்டது போட்டபடி தொங்குது.

கலா, ஒண்ணு கேக்குறேன். அப்படி என்னா இருக்கு அந்தப் பாட்டுல?

...

ஹலோ? கலா? லைன் இருக்கா?... அழுறியா? ஏய், என்னான்னு சொல்லிட்டு அழு!

... என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு.

... அம்மாவோட வார்த்தையா? அம்மா எங்க பாட்டுக் கட்டிச்சு? அம்மா எப்ப...

... அன்னிக்கா.

...

... இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

எனக்கு எப்படித் தெரியும், கலா? மண்ணு சரிஞ்சப்ப கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேன். மண்ணுக்குள்ளேருந்து ஒந் தம்பிய எடுத்ததயும் நான் பாக்கல, பொதைச்சதயும் பாக்கல. அம்மா என்னா சொல்லி அழுதுச்சுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல. எப்படிக் கேக்க?

... சேறு பூசி நிக்கிறியே... கண்மணியே... காலு கழுவி உள்ள வா...

ஐயோ. ஐயோ, புள்ள. நான் இதக் காதல் பாட்டுன்னுல்ல நெனச்சேன்! மழையில நனைஞ்சு வந்த மாப்பிள்ளைய ஒருத்தி வீட்டுக்குள்ள கூப்புடுறாள்னு. ஊரே அப்படித்தானே நெனச்சிக்கிட்டு ஆடுது. முந்தாநாள் ஸ்டோர்ல பொடியனுங்க தகரத்துல தட்டி ஆடுனானுங்க. நானும் நடுவுல நின்னு கை தட்டுனேன்... நானும் தட்டுனேன் கலா.

... தெரியும். தெரியும்மா. அவன் பந்து அடிச்சிட்டு முழங்கால் வரைக்கும் சேத்தோட வருவான். அம்மா வாசல மறிச்சிக்கிட்டு நிக்கும். 'காலு கழுவிட்டு உள்ள வாடா'ன்னு. நாள் தவறாம அந்தச் சண்டைதான்.

அதத்தான் சொல்லி அழுதுச்சா. சேத்தோட கெடத்தியிருந்தாங்களா அவன...

... வேணாம். சொல்லாத. இப்ப சொல்லாத.

... ஏன் புள்ள இப்படிச் செஞ்ச? அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஒரு வார்த்த!... என்னா 'தானா வந்துச்சு'? எப்படித் தானா வரும்?... ம்... ம்... அந்த குன்லே தம்பி வாசிச்சப்பவா?

... அதெல்லாம் நீ சொன்னதுதான். நைஜீரியாவுலேருந்து கொழும்புக்குப் பந்து அடிக்க வந்தான், முழங்கால் போச்சு, நீ வேலை செஞ்ச ஹோட்டல்ல கிட்டாரு வாசிக்கிறான். அவங்க அப்பா அந்த ஊர்ல பேண்ட் வச்சிருந்தாரு. ஹைலைஃபுன்னு என்னமோ ஆட்டப் பாட்டு. அதுக்கும் எம் மகனுக்கும் என்னா?

... ம்.

... அழுக வரல ஒனக்கு. இத்தன வருஷமா வரல. அந்தக் கிட்டாரக் கேட்டதும் வாயில அதுதான் வந்துச்சா.

... சரி. சரிம்மா. திட்டல. இப்ப திட்டி என்னா ஆகப் போகுது? இரு, நஸீம் தம்பி வர்றாரு த்ரீவீலோட.

நஸீம், இந்தப் பக்கம்! என்னா, பாத்தீங்களா யாராவது?... பஸ்ல ஏறிச்சா? எந்தப் பஸ்ஸு?... எங்க எறங்குச்சு?

கலா, கேக்குதா? டவுன்ல நம்ம தோட்டத்துப் பஸ்லதான் ஏறியிருக்கு. ஆனா இங்க எறங்கல. பாலத்துல எறங்குனதா கண்டக்டர் சொல்றானாம்.

... வாயக் கழுவு! அப்படியெல்லாம் பேசாத. அம்மா அந்த மாதிரி ஆளு இல்ல... இல்லன்னு சொல்றேன்ல. வை போன... இல்ல இல்ல, வைக்காத. வைக்காதம்மா. கூடவே இரு.

நஸீம், பாலத்துக்கு விடுங்க. வேகமா விடுங்க தம்பி.

... ஆமா, மழைதான். ஒரு வாரமா விடல. ஆறு ரெண்டு கரையும் ரொம்பிப் போகுது... நான் பாக்குறேன். நீ அழாத. ஒனக்குத் தொண்ட கட்டிரும்.

... பாடவா? இன்னிக்கா? வேணாம். நீ பாடாத. அந்தாளுககிட்டச் சொல்லிட்டு எறங்கி வா. நாடு முழுக்கக் கேக்குறதா இருந்தா இருக்கட்டும். இத இன்னொரு தடவ பாடாத கலா. அப்பா சொல்றேன்.

... யாரு கத்துறது அங்க?... ப்ரோக்ராம் நடத்துறவரா. கத்தட்டும்.

நஸீம், நிப்பாட்டுங்க. இங்கதான் பாலம்.

... ஒருத்தரும் இல்ல. தண்ணிதான் செகப்பா போகுது. இரு, அங்க பால் வெட்டுற ஆளுங்க மழைக்கு ஒதுங்கி நிக்கிறாங்க, கேக்குறேன்.

... கேட்டியா? என்னயப் பாத்ததும் 'ஏ கூ இஷே, நல்லையாண்ணே'ன்னு கத்துறாங்க. அந்த குன்லே தம்பி பாட்டு நடுவுல அவங்க யொருபாப் பாஷையில பாடுறானே, வேலை செய்றவங்களுக்குச் சொல்ற வணக்கம்னியே. ஒரு வாரமா தோட்டத்துல எல்லார் வாயிலயும் அதுதான். காலையில பேரு போடுற எடத்துல கங்காணி கூட அதத்தான் சொல்றாரு... ம், ம், வணக்கம் வணக்கம்! ஏய், ஜெயம்மாவப் பாத்தீங்களாப்பா? நீலச் சேல!... பாக்கலியா.

... இரு, கடைக்கார சிங்களப் பொம்பள வெளிய வருது. நங்கி, அபே ஜெயம்மா மே பெத்தென் கியாத?... உடட்டத?... தனியமத?... ஹரி, ஹரி.

கலா. மேல போயிருக்கு. தனியா. கொட கூட இல்லாம, கூப்புடக் கூப்புடத் திரும்பாமப் போச்சுங்குது அந்தப் பொம்பள.

... வேற எங்க? மேல் டிவிசனுக்குத்தான். நம்ம பழைய லயத்து வீட்டுக்கு. மண்ணு சரிஞ்ச எடத்துக்கு.

... ஆமா, போனதே இல்ல. அந்தப் பக்கம் பால் வெட்ட மரம் குடுத்தாக் கூட வேணாம்னு சொல்லிரும். நானுந்தான் போனதில்ல.

நஸீம், மேல விடுங்க. எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம்.

... நீ வரவா? எப்படி வருவ? கொழும்புலேருந்து அவிசாவளை வந்து, அங்கேருந்து இங்க வந்து... பொழுது போயிரும். இரு, அங்கயே இரு. போன் மட்டும் வைக்காத... பக்கத்துல யாரு?... ஷஸ்னாவா? ஒன்னோட ரூம்ல இருக்குற புள்ளதானே. நல்லது. அவ கையப் புடிச்சிக்கிட்டு ஒக்காரு.

... குன்லேக்கு என்னா?... இப்பத்தான் சொன்னியா? அது வரைக்கும் அவனுக்கும் தெரியாதா? ஐயய்யோ. யாரப் பத்திப் பாடுறன்னு அவன் கேக்கலியா?... கேட்டானா... காதல்னு சொன்னியா... ம்.

... கிட்டாரக் கீழ வச்சிட்டானா? ஏன்?... மெதுவா சொல்லு, சத்தமா இருக்கு... அவங்க ஊர்ல வயசானவங்க செத்தா பேண்ட் வச்சு ஆடுவாங்களாம். ம். சின்னப்புள்ளைக்கு அப்படிச் செய்ய மாட்டாங்களா... ஆட வச்சிட்டேனேன்னு அழுறானா.

... நல்ல புள்ளதான். அவன்கிட்டச் சொல்லு, அவன் மேல குத்தமில்லன்னு. எம் மேல, ஒம் மேல, யாரு மேலயோ, தெரியல. அவன் மேல இல்ல.

... என்னா நஸீம்? போகாதா?... பாதை விண்டிருக்கா? சரி, நீங்க இங்கயே இருங்க. நான் நடந்து போறேன்... வேணாம் தம்பி, நீங்க வர வேணாம். அது வந்து... நான் மட்டும் போறேன்.

கலா, நடக்குறேன். சிக்னல் போனாலும் பயப்படாத.

... கால் பரவாயில்ல. இழுத்துக்கிட்டு நடக்குறதுதான் பழகிருச்சே.

... போர்டு ஒண்ணு நிக்குது. மூணு பாஷையிலயும் எழுதியிருக்கு, ஆபத்தான எடம், உள்ள போகாதீங்கன்னு. புல்லு ஆள் ஒசரம் வளந்து கெடக்கு. லயம் இருந்த எடமே தெரியல... இரு. புல்லு மிதிபட்டிருக்கு. ஆளு போயிருக்கு.

ஜெயம்மா! ஏய், ஜெயம்மா!

...

ஜெயம்மா!

... இருக்கு. கலா, இருக்கு! இருக்கும்மா. அம்மா இருக்கு. பாத்துட்டேன். கல்லு மேல ஒக்காந்திருக்கு.

... ஒண்ணும் ஆகல. நனைஞ்சிருக்கு. அவ்வளவுதான். அழாத. அட, அழாத புள்ள, எனக்கும் வருது.

... இரு, கிட்டப் போறேன்.

ஜெயம்மா. எந்திரி. இங்க ஒக்காரக் கூடாது, மண்ணு எளகிக் கெடக்கு. வா, கையக் குடு... கலா லைன்ல இருக்கா. பேசுறியா?... பேசு ஜெயம்மா. புள்ள உசுரு போற மாதிரி அழுவுறா.

... மாட்டேங்குது. மொகத்தத் திருப்பிக்கிச்சு.

... சொல்றேன், சொல்றேன். ஜெயம்மா, அவ மன்னிச்சிருன்னு சொல்றா. இனி அந்தப் பாட்டப் பாட மாட்டாளாம். எல்லா எடத்துலயும் எடுக்கச் சொல்லிருவாளாம்... நானும் அதத்தான் சொன்னேன், பாடாதன்னு.

... அம்மாவா, கலா? நம்ம வீடு இருந்த பக்கத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. அழுவல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

... என்னா ஜெயம்மா?... என்னா சொன்ன?

... கலா, அம்மா ஒண்ணு கேக்குது. நான் சொல்றத அப்படியே கேளு. 'அவன் பேரு எங்க?'ன்னு கேக்குது.

... பேரு. தம்பி பேரு. அன்னிக்கு அழுதப்ப ஒவ்வொரு வரிக்கும் அவன் பேரச் சொல்லித்தான் அழுதுச்சாம். நீ பாட்டுல அந்தப் பேர எடுத்துட்டு, அந்த எடத்துல கண்மணின்னு போட்டுருக்கியாம்.

... பயந்தியா.

... அவ பயந்துட்டா ஜெயம்மா. பேரச் சொன்னா தொண்ட அடைச்சிரும், பாட முடியாதுன்னு எடுத்துட்டாளாம்.

... இரு, அம்மா பேசுது. ம்... ம்... சொல்றேன். கலா, அம்மா என்னா சொல்லுதுன்னா... 'எல்லாரும் ஆடுனாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாருக்காக ஆடுறாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. எம் புள்ள சொந்தப் பாட்டுல கூட இல்லாமப் போயிட்டானே'ங்குது. 'ஒருக்கா மண்ணு மூடிச்சு, இப்ப நீங்களும் மூடிட்டீங்க'ங்குது. அதான் இங்க வந்துச்சாம். பேரச் சொல்லிக் கூப்புட.

... கூப்புட்டுச்சாம். கத்திக் கூப்புட்டுச்சாம்.

...

... இருக்கேன்மா. ஒரு நிமிஷம் இரு. கண்ணு மறைக்குது.

... ஆமா. கிருஷ்ணராசு. பேரச் சொல்லி நானும் எத்தன வருஷமாச்சு. வீட்டுல யாரும் சொல்றதில்லயே. நீயும் தம்பின்னுதான் சொல்லுவ, நானும் தம்பின்னுதான் சொல்லுவேன். அம்மா காதுல விழுந்துரக் கூடாதுன்னு. கிருஷ்ணராசு. கிருஷ்ணராசு.

... ஏ, கலா. அம்மா எங் கையப் புடிச்சிருச்சு. எந்திரிக்குது. மெல்ல, மெல்ல ஜெயம்மா, வழுக்குது.

... நீ பாடணுமாம். ஆமா, அம்மாதான் சொல்லுது. பாடட்டும்ங்குது. பேரோட பாடட்டும்ங்குது.

... இன்னிக்குத்தான். இப்பத்தான்.

... என்னா முடியாது? யாரு முடியாதுங்குறா?... பாட்டு ஏற்கனவே பதிஞ்சு வச்சதா? அதப் போட்டுட்டு நீ பேச மட்டும் செய்றதா?... அப்ப உயிரோட போகுதுன்னு சொன்னது? அட, என்னாடா கூத்து இது... மாத்திப் பாடுறதா இருந்தா வேற ஆளக் கூப்புட்டுக்குவேன்னு சொல்றாரா அந்த ப்ரோக்ராம்காரரு? அவ்வளவு பெரிய எடம், திருப்பிக் கூப்புட மாட்டாங்க, இல்லியா?

... நான் என்னா சொல்ல கலா? நீ எவ்வளவு ஓடுன இதுக்கு, எனக்குத் தெரியும். ஹோட்டல் வேலையையும் விட்டுட்ட. நான் சொல்லி நீ கேட்டு, நாளைக்கு ஒண்ணும் இல்லாமப் போயிட்டா...

... ஏய். ஏய், என்னா செய்ற?... என்னா சத்தம் அது?... கிட்டாரா? குன்லேயா?... அவன் மட்டும் வாசிக்கிறானாமா? ட்ரம்பெட்டு, மத்தது எதுவும் வேணாமா?... அவங்க அப்பா பேண்ட்ல பேரச் சொல்லிச் சொல்லித்தான் பாடுவாங்களாம்... பேரு இருந்தா வாசிப்பேங்குறானா.

ஜெயம்மா, அந்தப் புள்ள வாசிக்கிறானாம். பேரு இருந்தா வாசிப்பானாம்.

... போயிட்டியா? கலா? ஹலோ?... யாரு? ஷஸ்னாவா? மகள், நான் கலாவோட அப்பா. அவ எங்க?... உள்ள போயிட்டாளா? அந்தாளு விட்டாரா?... செய்தி முடிஞ்சிருச்சு, வேற ஆள் இல்ல, அதனால விட்டாரா. சரி மகள். போன் வைக்காதீங்க, கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருங்க. நாங்க எறங்குறோம்.

... ஜெயம்மா, பாத்து. எந் தோளப் புடி.

... ஆமா மகள், வந்துட்டோம், போர்டத் தாண்டிட்டோம். நஸீம்! நஸீம், ரேடியோவப் போடுங்க! ஆமா, ரேடியோ! த்ரீவீல்ல இருக்குல்ல!... அம்மாவ உள்ள ஒக்கார வைங்க. அந்தத் துண்டக் குடுங்க, தலையத் தொடைக்கட்டும்.

... வருது. பேசுறாங்க. கலா பேரச் சொல்றாங்க. 'விஜயகலா'ன்னு முழுப் பேரும் சொல்றாங்க மகள்... சத்தம் வைங்க நஸீம்.

... கிட்டாரு வந்துருச்சு.

... இல்ல மகள், அதே கிட்டாருதான். அதே ஓட்டந்தான். ஆனா மெதுவா வாசிக்கிறான். வண்டி நின்னு நின்னு போற மாதிரி. கேக்குறீங்கல்ல?... ஆமா, நீங்க கண்ணால பாக்குறீங்க. எப்படி நிக்கிறா அவ?

... கண்ண மூடிக்கிட்டா.

... பாடுறா. மகள், பேசாதீங்க இப்ப.

...

... சேறு பூசி நிக்கிறியே...

...

... சொல்லிட்டா.

சொல்லிட்டா மகள்! கிருஷ்ணராசுன்னு சொல்லிட்டா! ஒடைஞ்சிருச்சு கொரலு, ஆனா சொல்லிட்டா. ஜெயம்மா, கேட்டியா? கேட்டியா?

... அம்மா தலைய ஆட்டுது. வாயில சேலைய வச்சிக்கிட்டு அழுவுது. அழட்டும். இப்பத்தான் வருது.

... திருப்பியும் சொல்றா. ஒவ்வொரு வரிக்கும் சொல்றா. அந்தப் புள்ளையும் கூடச் சேந்து சொல்றான், கேளுங்க. 'கிருஷ்ணராசு'ன்னு அவன் வாயில வேற மாதிரி வருது.

... ஏய்! ஏய், நிறுத்துங்க! ஆடாதீங்க! போங்க வீட்டுக்கு!... இங்க பக்கத்து லயத்துப் புள்ளைங்க மகள், ரேடியோ சத்தம் கேட்டு மழையில எறங்கி ஓடி வந்து ஆடுதுங்க. அதுகளுக்கு என்னா தெரியும்? பழகுன பாட்டு. ஏய், போங்கன்னு சொல்றேன்ல...

... என்னா ஜெயம்மா?... விடவா?

... அம்மா விடச் சொல்லுது மகள். 'ஆடட்டும், இப்ப யாரு பாட்டுன்னு கேட்டுக்கிட்டுத்தானே ஆடுதுங்க'ங்குது... ஆமா, ஒரு பொடியன் பேரையும் சேத்துப் பாடிக்கிட்டு ஆடுறான்.

... முடிஞ்சிருச்சா? ஆமா, இங்கயும் நின்னுருச்சு.... அந்தாளு மைக்குகிட்ட வர்றாரா? கண்ணாடிக்கு அந்தப் பக்கமா?

... இருங்க மகள், கேக்குறாங்க. யாரு கிருஷ்ணராசுன்னு கேக்குறாங்க... 'என் தம்பி'ன்னு சொல்றா. 'எங்க அம்மா கட்டுன பாட்டு'ன்னு சொல்றா. ஜெயம்மா, ஒம் பேரையும் சொல்றா.

...

... சரி மகள். நாங்க நல்லா இருக்கோம். நஸீம் தம்பி கூட அழுதுட்டாரு. கலா வெளிய வந்தா சொல்லுங்க, அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், சூடா ஏதாச்சும் குடிக்கக் குடுக்குறேன்னு. அந்தாளு திட்டுனா திட்டட்டும், பதில் பேசாம வந்துரச் சொல்லுங்க... திட்டலியா? திருப்பிப் போடச் சொல்லி போன் வந்துக்கிட்டே இருக்கா? ம். ம். நல்லது.

... என்னா ஜெயம்மா?

... மகள், குன்லே தம்பி வெளிய வந்துட்டானா?... அம்மா அவன்கிட்டப் பேசணுங்குது.

... கலாகிட்ட இல்ல. கலாகிட்டப் பொறகு பேசுதாம். மொதல்ல அவன்கிட்டயாம்.

... அதத்தான் நானும் சொன்னேன் மகள். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஒனக்கு அவன் பாஷை தெரியாது, என்னா பேசப் போறன்னு. பரவாயில்லங்குது. எம் புள்ள பேரச் சொன்ன வாயிங்குது. கைய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு.

... குடுத்தாச்சா?

ஹலோ... தம்பி... ஒரு நிமிஷம். ஒன் மினிட்.

இந்தா ஜெயம்மா. இப்படித் திருப்பிப் புடி. காதுல நல்லா ஒட்டி வை. லைன்ல இருக்கான்.

பேசு.